பழக்கம் என்னும் கீமியா

இளைஞர்கள் கூடிப் பேசுமிடங்களில் இப்பொழுது ஒரு சொல் அடிக்கடி காதில் விழுகிறது. ஓர் அணியின் இரண்டு ஆட்டக்காரர்கள், ஒருவர் மனத்தை மற்றவர் முன்கூட்டியே அறிந்தவர் போல ஆடிவிட்டால், ‘அவர்களுக்குள் நல்ல கெமிஸ்ட்ரி’ என்கிறார்கள். திரைப்பட நடிகர்களைப் பற்றியும் அப்படியே சொல்கிறார்கள். புதிதாக நிக்காஹ் முடிந்த தம்பதியரைப் பற்றியும் அதே சொல்லால் பேசுவோர் உண்டு. இரண்டு திரவங்களை ஒரு குடுவையில் ஊற்றிய கணத்தில் நுரை பொங்குவது போல, இரண்டு மனிதர்களைச் சேர்த்த கணத்திலேயே ஏதோ ஒன்று நிகழ்ந்துவிட வேண்டும். நிகழாவிட்டால் ‘ஒத்துவரவில்லை’ என்று சொல்லி விலகிவிட வேண்டும். அச்சொல்லைக் கையாள்வோர் பலருடைய உள்ளத்தில் இருக்கும் கருத்து இதுதான்.

அரபு படித்த எனக்கு அது அயலாரின் சொல்லாகத் தோன்றுவதில்லை. ‘அல்-கீமியா’ என்னும் அரபுச் சொல்லே இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குள் நுழைந்து, உருமாறி, கெமிஸ்ட்ரியாக நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது. நம் சித்தர்கள் இரசவாதம் என்று சொன்னதும் அதையே. ஈயத்தைத் தொட்டால் பொன்னாகிவிடும் என்பது கீமியாவைக் கதையாகக் கேட்டவர்களின் எண்ணம். அத்துறையில் உண்மையாகவே உழைத்தவர்கள் உலையின் முன் நாட்கணக்கில் அமர்ந்து, வடித்ததையே மறுபடியும் வடித்து, காய்ச்சியதையே மறுபடியும் காய்ச்சினார்கள். நம்மூர் சித்த வைத்தியரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பற்பம் முடிவதற்குள் எத்தனை புடம் போட வேண்டியிருக்கிறது என்று அவர் சொல்வார். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி அவர்கள் பாரசீகத்தில் எழுதிய தம் நூலுக்குக் ‘கீமியாயே ஸஆதத்’ எனப் பெயரிட்டபோது, மனிதன் தன்னைச் சிறுகச் சிறுகப் பண்படுத்திக்கொள்ளும் நெடிய உழைப்பையே அப்பெயரால் குறித்தார்கள்.

ஆகவே இளைஞர்கள் சொல்லும் சொல் பொருத்தமானதே. அச்சொல்லுக்குள் இருக்கும் காலத்தை மட்டும் அவர்கள் விட்டுவிடுகிறார்கள். அந்தக் காலத்தின் பங்கு என்ன என்பதை, அவர்கள் பெரிதும் விரும்பும் விளையாட்டுகளைக் கொண்டே இங்கு ஆராய விரும்புகிறேன்.

முதலில் நம் தமிழைப் பாருங்கள். ‘வேலையைப் பழகினான்’ என்கிறோம். ‘அவனோடு பழகினான்’ என்றும் சொல்கிறோம். ஒன்று பயிற்சி, மற்றொன்று நட்பு. இரண்டுக்கும் தமிழன் ஒரே வினையை வைத்திருக்கிறான். அரபியிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. அலிஃப், லாம், ஃபே என்னும் மூன்று எழுத்துகளைக் கொண்ட வேர்ச்சொல்லிலிருந்து ‘அலிஃப’ என்ற வினை வருகிறது; பழகினான் என்பது அதன் பொருள். ‘உல்ஃபத்’ என்றால் மன இணக்கம். ‘தஃலீஃப்’ என்றால் சிதறியவற்றை ஒன்றோடொன்று பொருத்துதல். அதனாலேயே நூல் இயற்றுவதற்கும் அப்பெயர், நூலாசிரியருக்கு ‘முஅல்லிஃப்’ என்று பெயர். நம் வீட்டுக் குழந்தைகள் மனனமாக ஓதும் குறைஷ் சூராவில், மாரிக்காலத்தும் கோடைக்காலத்தும் ஆண்டுதோறும் மேற்கொண்ட பயணங்களைச் சுட்டும் இடத்தில் வரும் ‘ஈலாஃப்’ என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். மன இணக்கமும், திரும்பத் திரும்பச் செய்யும் வழக்கமும், பொருத்திச் சேர்க்கும் கலையும் ஒரே வேரில் கிளைத்தவை என்று அம்மொழியின் முன்னோர் கண்டிருக்கிறார்கள். இரு மொழிகளும் தனித்தனியே கண்ட இந்த உண்மைக்கு விளையாட்டுக் களம் எப்படிச் சாட்சி சொல்கிறது?

கூடைப்பந்தை எடுத்துக்கொள்வோம். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்குள் ஆடுவதற்காக இவ்விளையாட்டை அமைத்தார். பீச் பழக் கூடைகள் இரண்டை மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதித் தொங்கவிட்டார். அவற்றுள் ஒரு விதி என் கவனத்தை ஈர்த்தது. பந்தைக் கையில் வைத்திருப்பவன் ஓடக்கூடாது. நின்ற இடத்திலிருந்தே பந்தை எறிய வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டே ஓடும் முறை பின்னால் வந்ததுதான். அதாவது, பெற்றதைப் பிறருக்குக் கொடுத்தால்தான் அணி முன்னே செல்லும் என்ற கட்டாயத்தின் மேல் இவ்விளையாட்டு எழுந்தது. இருபத்தெட்டு மீட்டர் நீளம், பதினைந்து மீட்டர் அகலமுள்ள களத்தில், அணிக்கு ஐவர் வீதம் பதின்மர் ஓடுகிறார்கள். இன்றைய விதிப்படி, பந்து கைக்கு வந்த 24 விநாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். கூடிப் பேசி முடிவெடுக்க அதில் நேரம் ஏது? தோழன் நிற்கும் இடத்துக்குப் பந்தை எறிந்தால் எதிரணியான் தட்டிப் பறித்துவிடுவான். தோழன் அடுத்த விநாடியில் எங்கே இருப்பானோ, அந்த வெற்றிடத்துக்கு எறிய வேண்டும். அவன் அங்கே வந்து சேர்வான் என்று எப்படித் தெரியும்? நூறு முறை வந்திருக்கிறான்; அதனால் தெரியும்.

இவ்விளையாட்டு நம் நாட்டுக்கும் புதிதன்று. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, இத்தகைய விளையாட்டுகளைத் தென்னாட்டுப் பள்ளிகளுக்குக் கொண்டு சேர்த்த ஆசிரியர்களை உருவாக்கியது. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் கூடைப்பந்து அணியில் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் ஆடி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரோடு கேரளத்தின் கீது அன்னா ஜோஸும் இந்திய அணியில் ஆடினார். இருவரும் தென்னக ரயில்வேயில் பணியாற்றியவர்கள். நம் நாட்டுக் கூடைப்பந்தில் ரயில்வே போன்ற நிறுவனங்களின் அணிகள் வலுவாக இருப்பதற்குச் சம்பளம் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஒரே இடத்தில் வேலை, ஒரே களத்தில் அன்றாடப் பயிற்சி, வெளியூர்ப் போட்டிகளுக்கு ஒரே ரயில் பெட்டியில் பயணம். இப்படி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்களைப் போட்டிக்குப் பத்து நாள் முன்பு ஒன்றுசேர்த்த அணி எப்படி எதிர்கொள்ளும்? 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவின் இறுதி ஆட்டத்தில் இந்திய மகளிர் கசகஸ்தானை 75–73 என்ற கணக்கில் வென்றார்கள். வித்தியாசம் ஒரே ஒரு கூடை. ஒரு வீசுதல் சற்றுப் பிந்தியிருந்தால் அந்த வெற்றி இல்லை. மகப்பேற்றுக்குப் பின் களத்துக்குத் திரும்பிய அனிதாவும் அந்த அணியில் இருந்தார்.

இவ்விளையாட்டின் தாயகத்தில், பழக்கத்தின் ஆற்றலைக் காட்டிய இருவரைப் பற்றி நம் வாசகர்கள் அறிந்திருப்பது நலம். ஒருவர் கரீம் அப்துல் ஜப்பார். 1947இல் நியூயார்க்கில் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, 1971இல் இப்பெயரைச் சூடிக்கொண்டவர். ஏழடி இரண்டங்குல உயரம், அதிகம் பேசாதவர், நூல்களை நேசிப்பவர். மற்றவர் ‘மேஜிக்’ ஜான்சன். இருபது வயதில், ஓயாத சிரிப்போடு 1979இல் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்கு வந்தார். அப்பொழுது கரீமுக்கு 32 வயது. ஜான்சனின் முதல் ஆட்டத்தில் கடைசி நொடியில் கரீம் பந்தைக் கூடையில் இட்டு வெற்றி தேடித்தந்தார். உலகக் கோப்பையையே வென்றுவிட்டது போல ஜான்சன் பாய்ந்து அவரைக் கட்டிக்கொண்டார். இன்னும் 81 ஆட்டங்கள் பாக்கி இருக்கின்றன என்று கரீம் அவருக்கு நினைவூட்டினாராம். இருவருடைய இயல்பும் எவ்வளவு தூரம் வேறுபட்டவை என்பதற்கு இது ஒன்றே போதும்.

அவர்கள் பத்துப் பருவங்கள் சேர்ந்து ஆடினார்கள். அப்பத்தில் எட்டு முறை இறுதிச் சுற்றுக்குச் சென்று, ஐந்து முறை பட்டம் வென்றார்கள். இடையே தோல்விகளும் இருந்தன. 1984இல் பாஸ்டன் அணியிடம் ஏழாவது ஆட்டம் வரை போராடித் தோற்றார்கள். 1985இல் அதே அணியோடு மோதியபோது முதல் ஆட்டத்தில் 148–114 என்ற படுதோல்வி. ஆயினும் அத்தொடரை அவர்களே வென்றார்கள். கரீமின் தனித்தன்மை, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கையைத் தலைக்கு மேலே வளைத்து, வானத்திலிருந்து இறக்குவது போலப் பந்தை வீசும் ‘ஸ்கை ஹூக்’. 1984 ஏப்ரல் 5ஆம் நாள், அதுவரை இருந்த மொத்தப் புள்ளிச் சாதனையை அவர் முறியடித்ததும் அவ்வீச்சினால்தான். அதற்கான பந்தை அவர் கையில் சேர்த்தவர் ஜான்சன். பிறகு கரீமுக்கு நாற்பது வயது நெருங்கியபோது, பயிற்சியாளர் பாட் ரைலி ஆட்டத்தின் சுமையை ஜான்சனின் தோளுக்கு மாற்றினார். மூத்தவர் அதை ஏற்றுக்கொண்டார். 1987 இறுதிச் சுற்றின் நான்காம் ஆட்டத்தில், பாஸ்டன் நகரில், கடைசி விநாடிகளில் ஜான்சன் வீசி வென்ற வீச்சு எது தெரியுமா? கரீமின் அதே வளைகை வீச்சு. எட்டாண்டுகள் அருகில் நின்று கண்டது அவருடைய கைக்குள்ளும் வந்து சேர்ந்திருந்தது. 38,387 புள்ளிகளோடு கரீம் விட்டுச்சென்ற சாதனை 2023 பிப்ரவரி வரை நிலைத்து நின்றது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இத்தகைய இணக்கத்துக்கு உயிர்த்தோழமை தேவையா? ஒருவரை ஒருவர் நேசித்தால்தான் சேர்ந்து ஆட முடியுமா? இதற்கு விடை காண நாம் அமெரிக்கா வரை போக வேண்டுவதில்லை. நம் நாட்டு டென்னிஸ் இரட்டையர் ஆட்டத்தில் அதற்கு வேண்டிய சான்று முழுவதும் இருக்கிறது. ஐவர் ஆடும் ஆட்டத்தில் ஒருவர் குறையை மற்றவர் மூடி மறைக்க இடமுண்டு. இருவர் ஆட்டத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

சென்னை அமிர்தராஜ் சகோதரர்கள் ஆனந்தும் விஜய்யும் ஒரே வீட்டில் வளர்ந்து ஒரே களத்தில் பழகியவர்கள். 1974இல் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை எதிர்த்து நடந்த டேவிஸ் கோப்பைப் போட்டி மொத்தம் 327 ஆட்டங்கள் நீண்டது. அதன் இரட்டையர் பிரிவில் ஐந்து செட்கள் நின்று வென்றவர்கள் இச்சகோதரர்கள். 1976இல் விம்பிள்டன் இரட்டையர் அரையிறுதி வரை சென்றார்கள். உடன்பிறந்தாருக்குப் பழக்கம் தொட்டிலில் தொடங்கிவிடுகிறது. அந்தப் பேறு இல்லாத இருவரைப் பார்ப்போம்.

லியாண்டர் பயஸ் 1973இல் கல்கத்தாவில் பிறந்தவர். சிறுவயதில் சென்னைக்கு வந்து, பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சிக் கழகத்தில் ஆட்டம் பயின்றவர். மகேஷ் பூபதி 1974இல் சென்னையில் பிறந்தவர். பயஸ் வலையருகே மின்னலாய்ப் பாய்பவர். உணர்ச்சியை மறைக்கத் தெரியாதவர். பூபதி பின்னால் நின்று எதிரியின் பந்தை உறுதியாகத் திருப்புபவர், அமைதியானவர். இருவரும் சேர்ந்து உலக ஆடவர் சுற்றில் பெற்ற முதல் பட்டம் 1997இல், நம் சென்னையில் கிடைத்தது. அவ்வாண்டு ஆறு பட்டங்கள் வந்தன. ஆனால் பெரும் போட்டிகளின் வாயில் உடனே திறந்துவிடவில்லை. 1998இல் நான்கு பெரும் போட்டிகளில் மூன்றில் அரையிறுதி வரை வந்து, மூன்றிலும் தோற்றுத் திரும்பினார்கள்.

‘ஒத்துவரவில்லை’ என்று விலகுவதற்கு அது நல்ல தருணம். அவர்கள் விலகவில்லை. 1999இல் நான்கு பெரும் போட்டிகளிலும் இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். ஊதியமின்றி ஆடுவோருக்கும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் போட்டிகள் பொதுவாகத் திறக்கப்பட்ட 1968க்குப் பின்னர் வேறு எந்த ஆடவர் இணையும் அதுவரை அதைச் செய்ததில்லை. பிரெஞ்சுப் பட்டமும் விம்பிள்டன் பட்டமும் கைக்கு வந்தன. உலகின் முதல் இணை என்ற இடமும் கிடைத்தது. அந்நாட்களில் அவர்கள் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பூபதி பந்தை அடிக்கத் தயாராகும்போது, வலையருகே நிற்கும் பயஸ் முதுகுக்குப் பின்னால் விரல்களால் சைகை காட்டுவார். அவர் எப்பக்கம் பாயப்போகிறார் என்பதை அச்சைகை சொல்லும். அவர் விட்டுச்செல்லும் வெற்றிடத்தை நிரப்பப் பூபதியின் கால் முன்கூட்டியே நகரும். பாய்பவன் திரும்பிப் பார்ப்பதில்லை; பின்னால் இருப்பவன் வந்திருப்பான் என்பதே அவனுடைய துணிவு. இதற்கு நம் மொழியில் நம்பிக்கை என்றும், அரபியில் அமானத் என்றும் பெயர்.

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரைக்கு உயிரான பகுதி. புகழின் உச்சியிலேயே அவர்களுக்குள் மனக்கசப்பு புகுந்தது. பிரிந்தார்கள், சேர்ந்தார்கள், 2001இல் பிரெஞ்சுப் பட்டத்தை மறுபடியும் வென்றார்கள், பிறகு வேறு வேறு இணைகளைத் தேடிப் போனார்கள். அவர்களுடைய பிணக்கு நாடறிந்த செய்தியாயிற்று. ஆயினும் டேவிஸ் கோப்பையில் நாட்டுக்காக ஆடும் கடமை வந்தபோது பலமுறை இருவரையும் சேர்த்தே அனுப்பினார்கள். நடந்தது என்ன? அக்கோப்பையின் இரட்டையர் ஆட்டங்களில் அவர்கள் தொடர்ச்சியாக 24 வெற்றிகள் பெற்றார்கள். டேவிஸ் கோப்பை வரலாற்றில் வேறு எந்த இணைக்கும் அவ்வளவு நீண்ட வெற்றித் தொடர் இல்லை. 2002 பூசான், 2006 தோஹா ஆகிய இரண்டு ஆசிய விளையாட்டுகளிலும் சேர்ந்து தங்கம் வென்றார்கள். 2010 செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கம் அரங்கில் பிரேசிலுக்கு எதிரான போட்டியின் முதல் நாளிலேயே இந்தியா இரண்டு ஆட்டங்களை இழந்துவிட்டது. இன்னொன்று போனால் எல்லாம் போயிற்று. உலகச் சுற்றில் அந்நாளில் வேறு வேறு நாட்டவரோடு இணைந்து ஆடிக்கொண்டிருந்த இவ்விருவரும் இரண்டாம் நாள் களம் இறங்கி, நேர் செட்களில் வென்றார்கள். மூன்றாம் நாள் மற்ற இரு ஆட்டங்களும் நமக்கே கிடைத்தன.

உள்ளம் விலகியிருந்தது; கால்கள் விலகவில்லை. பயஸ் பாயும் பக்கம் பூபதியின் உடலுக்குத் தெரிந்திருந்தது. ஆயிரம் முறை செய்த ஒன்றை மனக்கசப்பினால் அழிக்க முடிவதில்லை. ஹக்கீம் ஒலாஜுவான், கிளைட் டிரெக்ஸ்லர் என்னும் அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களின் வரலாறும் இதையே சொல்கிறது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஆடியவர்கள் 1983இல் இறுதி ஆட்டத்தில் தோற்றுப் பிரிந்தார்கள். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1995 பிப்ரவரியில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியில் மறுபடியும் சேர்ந்தார்கள். அது ரமலான் மாதம். நோன்பு நோற்றபடியே ஆடிய ஹக்கீம், அம்மாதத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார். அவ்வாண்டே அவர்கள் அணி பட்டம் வென்றது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பழக்கம் ஒரு நாளைய ஆட்டத்தை வென்று தரலாம். ஆண்டு முழுவதும் சேர்ந்து நடப்பதற்கு மனமும் வேண்டும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இவர்கள் கடைசி செட்டை 14–16 என இழந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். 2011இல் மறுபடியும் இணைந்து சென்னைப் பட்டத்தை ஐந்தாம் முறை வென்றார்கள். ஆஸ்திரேலிய இறுதி ஆட்டம் வரை சென்றார்கள். ஆனால் 2012 இலண்டன் ஒலிம்பிக்கின்போது பூபதி, பயஸோடு ஆட மறுத்து, ரோகன் போபண்ணாவோடு ஆடினார். பயஸ் விஷ்ணுவர்தனோடு ஆடினார். இரண்டு இணைகளும் பதக்கமின்றித் திரும்பின. நாட்டுக்கு இழப்பு என்று பலர் வருந்தினார்கள். கையிலிருந்த பொன்னை மீண்டும் ஈயமாக்கிக்கொண்டது போல என்று எனக்குத் தோன்றிற்று.

என் வாழ்க்கையில் கண்ட ஒன்றை இங்கு சொல்லலாம். எண்பதுகளில் நான் மதரஸாவில் ஓதியபோது, மக்ரிபுக்குப் பின் ‘தக்ரார்’ செய்வது வழக்கம். அன்று உஸ்தாத் நடத்திய பாடத்தை இருவர் இருவராக அமர்ந்து ஒருவருக்கு ஒருவர் திரும்பச் சொல்ல வேண்டும். எனக்கு வாய்த்த துணைவர் திருவாரூர்ப் பக்கத்தவர். அவர் வேகமானவர், நான் நிதானம். அவர் பொருளை நோக்கித் தாவுவார். நான் ஒவ்வொரு சொல்லின் இலக்கணத்தையும் உறுதி செய்துகொண்டு நகர்வேன். முதல் ஆண்டு முழுவதும் இருவருக்கும் எரிச்சல்தான். துணையை மாற்றிக்கொள்ள உஸ்தாத் இசையவில்லை. இரண்டாம் ஆண்டில், நான் எங்கே தடுக்கி நிற்பேன் என்பது அவருக்குத் தெரிந்தது. அவர் எங்கே ஒரு சொல்லை விழுங்குவார் என்பது எனக்குத் தெரிந்தது. ஏழாண்டுகள் முடிவில், ஒருவர் தொடங்கிய வாசகத்தை மற்றவர் முடிப்பது எங்களுக்கு மூச்சு விடுவது போல் ஆகியிருந்தது.

பின்னாளில் பிறை பார்க்கும் விவகாரத்தில் நாங்கள் இருவரும் இரு பக்கம் நின்றோம். நம் ஊர்களில் இது எவ்வளவு கசப்பை விளைத்திருக்கிறது என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. அவர் பெருநாள் ஒரு நாள், என் பெருநாள் மறுநாள். கடிதம் நின்றது; வீட்டுக்கு வருவது நின்றது. பல ஆண்டுகள் கழித்து எங்கள் உஸ்தாத் மறைந்தபோது இருவரும் அங்கே போயிருந்தோம். அன்றிரவு ஓதுவதற்கு எங்களை அருகருகே அமரவைத்தார்கள். ஸலாம் தவிர வேறு பேச்சில்லை. ஓதத் தொடங்கிய சிறிது நேரத்தில், அவர் மூச்செடுக்கும் இடத்தில் என் குரல் எழுந்தது. நான் நிறுத்தும் இடத்தில் அவர் தொடர்ந்தார். யாரும் சைகை காட்டவில்லை. எதிரில் இருந்த இளைஞர் ஒருவர், நாங்கள் இருவரும் ஒரே ஊரில் சேர்ந்து ஓதிவருபவர்களா என்று கேட்டார். அதனால் பிறை விவகாரம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த பெருநாளும் வேறு வேறு நாளில்தான் வந்தது. ஆனால் கடிதம் மறுபடியும் வரத் தொடங்கியது.

நம் காரைக்கால் குடும்பங்களின் வாழ்க்கை பெரும்பாலும் இருவர் ஆட்டமாகவே நடந்து வந்திருக்கிறது. அண்ணன் கடலுக்கு அப்பால் பிரான்சிலோ வளைகுடாவிலோ இருப்பார். தம்பி இங்கே கடையையும் நிலத்தையும் தாய் தந்தையரையும் பார்ப்பார். முன்னே பாய்பவர் ஒருவர், பின்னே வெற்றிடத்தை நிரப்புபவர் ஒருவர். பாகம் பிரிக்கும் வேளையில் ஒரு சொல் தடித்துவிடுகிறது. அத்தோடு முப்பதாண்டுப் பழக்கத்தையும் முறித்து எறிந்துவிட வேண்டும் என்று எண்ணுவோர் பெருகி வருகிறார்கள். கசப்பு இருக்கலாம்; வழக்குக்கூட இருக்கலாம். தகப்பனார் நோயுற்ற இரவில் யார் மருத்துவமனைக்கு ஓடுவது, யார் வீட்டில் நிற்பது என்று அவ்விருவரும் கலந்து பேச வேண்டியிராது. அவர்களுடைய கால்களுக்கு அது தெரியும். அந்த அறிவை எந்தப் பத்திரத்தாலும் பிரித்து எழுத முடியாது. அதைச் செல்வமாகக் கருதிக் காப்பதே அறிவுடைமை.

மணமக்கள் விடயமும் இத்தகையதே. நிக்காஹ் முடிந்த மூன்றாம் மாதத்தில் ‘எங்களுக்குள் ஒத்துவரவில்லை’ என்று வந்து நிற்கும் பிள்ளைகளைக் காண்கிறோம். கொடுமை இருக்குமிடத்தில் விலகுவதற்கு மார்க்கமே வழி வைத்திருக்கிறது. அதைப் பற்றி நான் இங்குப் பேசவில்லை. வெறும் அயன்மை மட்டும் இருக்குமிடத்தைப் பற்றியே பேசுகிறேன். மூன்று மாதத்தில் எந்தப் புடமும் முடிவதில்லை. நம் கடற்கரையில் கரைவலை இழுப்போரைப் பார்த்தவர்கள் அறிவார்கள். வலையின் இரு கயிறுகளையும் இரு கூட்டத்தார் தனித்தனியே நின்று இழுக்கிறார்கள். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணி, மீன் தப்பிவிடும். புதிதாக வந்தவன் முதல் நாள் தன் பலத்தை எல்லாம் காட்டி இழுப்பான். மறுபக்கத்தின் இழுவை தன் கையில் வந்து தெரிய அவனுக்குச் சில காலம் ஆகும். அது தெரிந்த பிறகே அவனை வலைக்காரன் என்பார்கள்.

ஆசிரியனாகிய நான் என்னால் இயன்ற ஒன்றைச் செய்து வருகிறேன். கல்வியாண்டின் தொடக்கத்தில் மாணவர்களை இருவர் இருவராக அமர்த்தி, ஒருவருக்கு ஒருவர் பாடம் ஒப்பிக்கச் செய்கிறேன். வேகமானவனோடு நிதானமானவனையும், பேசுபவனோடு பேசாதவனையும் சேர்த்து வைப்பேன். இரண்டாம் வாரத்தில் பெற்றோர் சிலர் வந்து, தம் பிள்ளைக்கு வேறு துணை தருமாறு கேட்பார்கள், அவனோடு ஒத்துவரவில்லையாம். ஆண்டு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லி அனுப்புவேன். ஆண்டு முடிந்து மறுபடியும் அதே கோரிக்கையோடு வந்தவர்கள் மிகச் சிலரே.